வீடு திரும்பும் உயரம்: ஒரு பனை வரிசை சொல்லிக்கொடுத்த பாடம்



போன ஆனி மாதம் எங்கள் காட்டில் நடந்ததை எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டார்கள். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் நம் ஆட்களில் பலர் இப்போது ட்ரோன் வாங்குகிறார்கள், வாடகைக்கு எடுக்கிறார்கள். நான் பட்டதை இன்னொருவர் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேட்டூருக்கும் மேச்சேரிக்கும் நடுவில் எங்கள் நிலம். கிணற்றைச் சுற்றிப் பள்ளக்காடு. அதற்கு மேற்கே நிலம் மெல்ல ஏறி மேட்டுக்காடு. இரண்டுக்கும் நடுவில், மேடு தொடங்கும் வரப்பில், என் தாத்தா வைத்த பனை வரிசை. மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கு போட்டிருந்தோம். மாவுப்பூச்சி எங்கெங்கே பிடித்திருக்கிறது என்று மேலிருந்து பார்க்கலாம் என்று, எங்கள் குழு வைத்திருக்கும் சின்ன கேமரா ட்ரோனை எடுத்துவந்தோம். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

கிணற்று மேட்டில் வைத்து ஏற்றினேன். அண்ணன் மகன் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். “சித்தப்பா, திரும்பி வர்ற உயரம் முப்பதுன்னு இருக்குதுங்க. மாத்தோணுமா?” என்று கேட்டான். “பனை என்னடா அறுபத்தஞ்சடி, எழுபதடி இருக்கும். முப்பது மீட்டர்னா நூறடி. போதும் போதும்” என்று சொல்லிவிட்டேன்.

போகும்போது பனைகளுக்கு நடுவில் இருக்கும் வண்டித்தடம் வழியாகத்தான் ட்ரோனைக் கொண்டுபோனேன். மேட்டுக்காட்டுக்குள் போனதும், குருத்து சுருண்டிருக்கிறதா என்று பார்க்கத் தாழ்வாக இறக்கினேன். மேட்டின் முதுகு மறைத்துக்கொண்டது. படம் நின்றது. சிக்னல் போய்விட்டது. “ஒண்ணும் பயப்படாதே, அதுவா வீட்டுக்கு வந்துரும்” என்று பையனுக்குத் தைரியம் சொன்னேன்.

வந்தது. நேராக வந்தது. பனையில் மோதியது. பல வருசமாக யாரும் ஏறாத மரம். காய்ந்த ஓலை தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அடித்து, விசிறி உடைந்து, கீழே மிளகாய்ப் பாத்தியில் விழுந்தது. அங்கே நான்கு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த விசிறித் துண்டு பெரியம்மாவின் புருவத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே. இரண்டு தையல்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பெரியம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏஞ்சாமி, அது ஊட்டுக்கு வர்ற வழியில மரம் இருக்குதுன்னு அதுக்கு ஆரு சொல்லோணும்?”

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ‘30’ என்ற எண்தான் நான் சொல்லும் ஒரே சொல். அதைத் தப்பாகச் சொல்லியிருந்தேன்.

இயற்கை விவசாயிக்கு ட்ரோன் எதற்கு?

இந்தக் கேள்வியை நம் ஆட்களே என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மருந்தடிக்கத்தானே ட்ரோன் என்று ஊரில் பேச்சு. எங்களுக்கு அது கண். கை அல்ல.

குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி நம் நாட்டில் 2020-ல் முதலில் கேரளத்தில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் பக்கம் காடு காடாகச் சூறையாடியது. இதற்கு மருந்தடித்து மாளாது. இதைத் தின்னும் அனாகிரஸ் லோபெசி என்ற சின்ன ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, வளர்த்து, நம் பக்கத்திலும் விட்டார்கள். அந்தக் குளவி வேலை செய்ய வேண்டுமென்றால் காட்டில் விசம் இருக்கக் கூடாது. எந்த மூலையில் குருத்து சுருண்டிருக்கிறது என்று தெரிந்தால், அந்தச் செடியின் நுனியை மட்டும் கிள்ளி அழிக்கலாம். ஆளுயரக் குச்சிக்குள் நுழைந்து இரண்டு ஏக்கரையும் பார்க்க அரை நாள் ஆகும். மேலிருந்து பார்த்தால் பத்து நிமிசம்.

மழை பெய்த மறுநாள் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வரப்பு எங்கே உடைந்திருக்கிறது, பன்றி எந்தப் பக்கம் உள்ளே வந்தது என்று பார்ப்பதற்கும் உதவுகிறது. அதனால் வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை. ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம் என்று உட்கார்ந்தோம்.

‘வீடு திரும்புதல்’ என்றால் என்ன?

ட்ரோனை ஏற்றும்போது, செயற்கைக்கோள் சிக்னல் போதுமான அளவு கிடைத்ததும், அது நிற்கும் இடத்தை ‘ஹோம் பாயிண்ட்’ என்று மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு மூன்று சந்தர்ப்பங்களில் தானாக அந்த இடத்துக்குத் திரும்பும். ஒன்று, ரிமோட்டில் நாம் அந்தப் பொத்தானை அழுத்தும்போது. இரண்டு, பேட்டரி குறையும்போது. மூன்று, ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் தொடர்பு அறுந்துபோகும்போது.

திரும்பும் விதம் எல்லா வகைகளிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் நாம் வைத்திருக்கும் உயரத்துக்குச் செங்குத்தாக ஏறும். பிறகு ஒரே நேர்கோட்டில் வீட்டுக்கு மேலே வரும். பிறகு இறங்கும். ஏற்கெனவே அந்த உயரத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலான வகைகள் இருக்கும் உயரத்திலேயே வரும், தாழாது.

இதில் இரண்டு விசயத்தை நான் யோசிக்கவே இல்லை.

முதலாவது, நேர்கோடு. நாம் சுற்றிப் போன வழியில் அது திரும்பாது. நான் வண்டித்தடத்து இடைவெளியில் கொண்டுபோனேன். அது பனைகளின் குறுக்கே வந்தது. விலை கூடிய ட்ரோன்களில் தடையைப் பார்க்கும் உணரிகள் இருக்கின்றன. எங்களுடையதில் முன்பக்கம் கிடையாது. இருந்தாலும் மெல்லிய கம்பியையும் இலையில்லாத குச்சியையும் அவை தவறவிடும். எதிர்வெயிலிலும் மங்கலிலும் தடுமாறும். உணரியை நம்பி உயரத்தைக் குறைத்து வைக்கக் கூடாது.

இரண்டாவதுதான் முக்கியம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

அந்த உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது?

நான் நினைத்தது, ட்ரோன் தன் காலுக்குக் கீழே இருக்கும் தரையிலிருந்து 30 மீட்டர் உயரும் என்று. அப்படி இல்லை. கிளம்பிய இடத்திலிருந்துதான் 30 மீட்டர். காற்றழுத்தத்தை வைத்து அது உயரத்தைக் கணக்கிடுகிறது. கிளம்பிய இடம்தான் அதற்குப் பூச்சியம்.

பிறகு அளந்து பார்த்தோம். கிணற்று மேட்டைவிட மேட்டுக்காடு 18 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தினமும் நடக்கும் நிலம். இத்தனை மேடு என்று எனக்கே தெரியவில்லை. அப்படியானால் ‘30 மீட்டர்’ என்பது மேட்டுக்காட்டுத் தரையிலிருந்து வெறும் 12 மீட்டர். பனையின் உயரம் 20 மீட்டர், ஒன்றிரண்டு 22. தலைக்கு மேலே தாண்டிப் போகும் என்று நான் நினைத்த ட்ரோன், பனையின் இடுப்புக்குத்தான் வந்திருக்கிறது.

பள்ளத்தில் நின்றுகொண்டு மேட்டில் இருக்கும் மரத்துக்கு உயரம் சொன்னேன். அவ்வளவுதாங்க நடந்தது.

நம் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம். மேட்டூர் பாலமலை அடிவாரம், கொளத்தூர்ப் பக்கம், பண்ணவாடியில் அணைத் தண்ணீர் வடிந்த பிறகு வெள்ளாமை வைக்கும் நிலம் எல்லாமே ஏற்ற இறக்கம்தான். நந்தி சிலை தெரியும் அளவுக்குத் தண்ணீர் வடிந்த கோடையில், அணைக்குள் இறங்கி நின்று ட்ரோனை ஏற்றிவிட்டு, கரைக்கு மேலே இருக்கும் காட்டைப் பார்க்கப் போனால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். தஞ்சாவூர்க்காரருக்கு 30 மீட்டர் என்றால் எல்லாப் பக்கமும் 30 மீட்டர். நமக்கு அப்படி இல்லை.

மரத்தின் உயரத்தை எப்படி அளப்பது?

நாங்கள் மூன்று வழியில் அளந்தோம்.

நிழல் வழி: வெயில் நேரத்தில் சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் மரத்தின் அடியிலிருந்து நிழல் நுனிவரை அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 16 மீட்டர் என்றால், 16-ஐ 0.8-ஆல் வகுத்தால் 20. மரம் 20 மீட்டர். செலவில்லாத வழி. சரிவான தரையில் மட்டும் கணக்கு தப்பும்.

ட்ரோன் வழி: மரத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்று ட்ரோனை மெதுவாக ஏற்ற வேண்டும். கேமராவை நேராக, அடிவானம் பார்த்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் உச்சி படத்தின் நடுக்கோட்டுக்கு வரும்போது திரையில் காட்டும் உயரம்தான் உச்சியின் உயரம். இதில் ஒரு வசதி, வழக்கமாகக் கிளம்பும் இடத்திலிருந்தே ஏற்றினால் மேடும் மரமும் சேர்ந்த மொத்த உயரத்தையே காட்டிவிடும். தனியாகக் கூட்ட வேண்டியதில்லை.

தரையின் ஏற்றத்துக்கு: சம உயர வரப்பு போட்டவர்களிடம் ட்யூப் லெவல் இருக்கும். தண்ணீர் ஊற்றிய அதே குழாய்தான். கட்டம் கட்டமாக ஏறிப் போனால் மேட்டின் உயரம் சரியாகக் கிடைக்கும். அவசரத்துக்கு, ட்ரோனை மேட்டுக்காட்டுத் தரையிலிருந்து ஆளுயரத்தில் நிறுத்தி, திரையில் காட்டும் உயரத்தில் 2 மீட்டரைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. நமக்கு வாயில் வருவது அடி. செயலியில் இருப்பது பெரும்பாலும் மீட்டர். ஒரு மீட்டர் 3.28 அடி. செயலி அடியில் இருக்கும்போது மீட்டர் என்று நினைத்து ‘60’ போட்டால் அது 18 மீட்டர்தான். தென்னைக்குக்கூடக் காணாது. முதலில் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்.

கணக்கு

நாங்கள் இப்போது வைத்திருக்கும் விதி இது. பறக்கப் போகும் இடம் முழுவதிலும் மிக உயரமான தடை எது என்று பாருங்கள். அது நிற்கும் தரை, கிளம்பும் இடத்தைவிட எவ்வளவு மேடு என்று பாருங்கள். இரண்டையும் கூட்டி, அதன்மேல் 15 மீட்டர் சேருங்கள்.

எங்களுக்கு: மேடு 18, பெரிய பனை 22, ஆக 40. அதன்மேல் 15. மொத்தம் 55. முழு எண்ணாக 60 மீட்டர் வைத்தோம்.

அந்த 15 எதற்கு? காற்றழுத்தத்தை வைத்துப் பார்க்கும் உயரம் வெயில் ஏற ஏறக் கொஞ்சம் தவறும். காற்றில் ட்ரோன் தாழும், எழும். பனை ஒரு வருசத்தில் வளரும். நாம் அளந்ததிலும் பிழை இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் பாருங்கள். செயலியில் ‘அதிகபட்ச உயரம்’ என்று வேறொரு எண் இருக்கும். அதை 40 என்று வைத்துவிட்டு, திரும்பும் உயரத்தை 60 என்று வைத்தால் பல வகைகளில் ட்ரோன் 40-ஐத் தாண்டாது. இரண்டும் பொருந்த வேண்டும்.

அப்படியானால் 120 வைத்துவிட்டால் தொல்லையில்லையே?

பையன் இப்படித்தான் கேட்டான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கூடாது. காரணம் மூன்று.

ஒன்று, சட்டம். 2021 ஆகஸ்டு 25-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் அனுமதி வாங்காமல் பறக்கலாம். அதுவும் நம் கண் பார்வைக்குள் பறக்க வேண்டும். அன்று நான் மேட்டுக்குப் பின்னால் ட்ரோனைப் பார்க்க முடியாதபடி இறக்கியதே விதிமீறல்தான். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான், அதாவது 60 மீட்டர். அதற்கும் உள்ளே என்றால் அனுமதி வேண்டும். சேலம் விமான நிலையம் ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது. ஓமலூர், காடையாம்பட்டி வட்டாரத்து நண்பர்கள் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் தங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அணையை ஒட்டியும் அனல்மின் நிலையத்தை ஒட்டியும் நிலம் வைத்திருப்பவர்களும் அப்படியே.

இரண்டு, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கீழே சோளத்தட்டு அசையாமல் நிற்கும்போதே மேலே காற்று பிடித்து இழுக்கும். மேலே போகப் போக வேகம் கூடும். ஒரு கணக்கு சொல்கிறேன். ட்ரோன் 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. திரும்பும் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். காற்றே இல்லையென்றால் 40 வினாடியில் வந்துவிடும். வினாடிக்கு 7 மீட்டர் எதிர்க்காற்று என்றால் வினாடிக்கு 3 மீட்டர்தான் நகரும். 133 வினாடி ஆகும். மூன்று மடங்குக்கு மேல் பேட்டரி. காற்று 10 மீட்டரை எட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் பேட்டரி தீர்ந்து எந்தக் காட்டில் இறங்குகிறதோ, யார் தலையில் இறங்குகிறதோ.

மூன்று, ஏறி இறங்கும் நேரம். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 60 மீட்டரிலிருந்து அரை நிமிசம். 110 மீட்டரிலிருந்து 55 வினாடி. கோடையில் சூடேறிய, பழைய பேட்டரிக்கு இந்த அரை நிமிசம் பெரிது.

அதனால் தேவையான உயரம் வையுங்கள், மிச்ச உயரம் வேண்டாம். காற்று நாளில் முதலில் எதிர்க்காற்றில் போங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். பேட்டரி 30 சதவீதம் இருக்கும்போதே நாமாகத் திருப்பிவிட வேண்டும். அது தானாகத் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது.

மின்கோபுரங்கள்

மேட்டூரில் அனல்மின் நிலையமும் அணை மின்நிலையங்களும் இருப்பதால் நம் காடுகளுக்கு மேலே எந்தப் பக்கம் பார்த்தாலும் உயர் அழுத்தக் கம்பிகள். 2018-ல் கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக நம் உழவர்கள் போராடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கோபுரம் வந்த பிறகு கீழே கிணறு வெட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது என்றோம். ட்ரோனும் பறக்க முடியாது என்பதையும் இப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கோபுரங்கள் 35, 40 மீட்டர் இருப்பது சாதாரணம். அதைவிட உயரமானவையும் உண்டு. கண்ணுக்குத் தெரிவது தடித்த மின்கம்பிகள். ஆனால் அவற்றுக்கும் மேலே, கோபுரத்தின் உச்சிக்கு உச்சி, மின்னலைத் தாங்க ஒரு மெல்லிய எர்த் கம்பி போகும். தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. உயரத்தைக் கணக்கிடும்போது கோபுரத்தின் உச்சியைத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் முடிவு, கம்பிக்கு மேலே தாண்டிப் போகும் வேலையே வேண்டாம் என்பதுதான். திரும்பும் நேர்கோடு கம்பியைக் கடக்காதபடி, பார்க்க வேண்டிய காடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே நின்று கிளம்புகிறோம். கம்பியிலிருந்து பக்கவாட்டில் 50 மீட்டராவது தள்ளிப் பறக்கிறோம். கோபுர இரும்பும் கம்பியின் மின்சாரமும் ட்ரோனின் திசைகாட்டியையும் குழப்பும்.

ஒருவேளை ட்ரோன் கம்பியில் சிக்கிவிட்டால் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எத்தனை ஆயிரமாக இருந்தாலும் உயிரைவிடப் பெரிதல்ல. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

தென்னந்தோப்பும் தெளிப்பு ட்ரோனும்

பஞ்சகவ்யம், மீன் அமிலத்தை நன்றாக வடிகட்டித் தெளிப்பு ட்ரோனில் அடிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டம் 2023 நவம்பரில் தொடங்கிய பிறகு கிராமங்களுக்கே இவை வந்துவிட்டன. இவர்களுக்கு இரண்டு வார்த்தை.

தெளிப்பு ட்ரோன் பயிருக்கு மேலே 2, 3 மீட்டரில் பறக்கிறது. தொடர்பு அறுந்தால் அதுவும் ஏறித்தான் திரும்பும். பல ட்ரோன்களில் ஓடும் ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளில், யாரும் மாற்றாவிட்டால் அந்த உயரம் 15 மீட்டர். நம் நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும். நடுவில் தென்னை இருந்தால் 15 என்பது நேராக மட்டையில் கொண்டுபோய்ச் சொருகும் உயரம். பத்து லிட்டர் ட்ரோன் நிறை டாங்கியோடு ஏறக்குறைய 25 கிலோ. 15 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். எங்கள் அரைக் கிலோ ட்ரோனுக்கே இரண்டு தையல்.

தோப்புக்குள், மரத்தடியில் பறக்கும்போது வேறொரு ஆபத்து. ‘வீடு திரும்பு’ என்றால் முதலில் செங்குத்தாக ஏறும். மேலே மட்டை. அதனால் மேலே கூரை மாதிரி மரமோ கம்பியோ இருக்கும் இடத்தில், தொடர்பு அறுந்தால் வீடு திரும்பாதே, அங்கேயே நில் அல்லது இறங்கு என்று மாற்றி வைக்க வேண்டும். பெரும்பாலான ட்ரோன்களில் இதை மாற்றலாம். வேலை முடிந்ததும் திரும்பப் பழையபடி மாற்ற மறக்கக் கூடாது. வாடகைக்கு வருபவரிடம் “தொடர்பு போனா என்ன பண்ணுங்க? எத்தனை மீட்டர் வெச்சிருக்கீங்க?” என்று கேளுங்கள். பதில் தெரியாதவரைக் காட்டுக்குள் விடாதீர்கள்.

பக்கத்துக் காட்டுக்காரர் ரசாயன மருந்து அடிக்க ட்ரோன் கொண்டுவந்தால் நமக்கு இன்னொரு கவலை. காற்றில் வரும் சாரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். திரும்பும் கோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ட்ரோன் கிளம்பும் இடத்துக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் நம் காடு இருந்தால், டாங்கி காலியாகும்போதெல்லாம் நம் பயிருக்கு மேலேதான் வரும். முனையிலிருந்து சொட்டும். சான்று வாங்கிய நிலத்துக்கு அது கேடு. 2021 டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட செயல்முறை வழிகாட்டியிலேயே, ட்ரோனில் மருந்தடிக்கும் முன் ஊராட்சிக்கும் வேளாண் அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. சண்டை வேண்டாம். முதல் நாளே போய், “அண்ணா, ட்ரோனை உங்க காட்டு அந்தப் பக்கத்துல இருந்து கிளப்பச் சொல்லுங்க” என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

கிளம்பும் முன் நாங்கள் பார்ப்பவை

ரிமோட் பெட்டியின் மூடியில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

1. கிளம்பும் இடம் திறந்த வெளியா? மோட்டார் ரூம், தகரக் கூரை, டிராக்டர், மின்கம்பத்திலிருந்து தள்ளி இருக்கிறோமா?
2. ‘ஹோம் பாயிண்ட்’ பதிவானதா? பதிவாகும்வரை ஏற்றாதே. வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தில்தான் புள்ளி இருக்கிறதா?
3. இன்றைக்கு எந்தக் காடு? அங்கே உயரமான தடை எது? தரை எவ்வளவு மேடு?
4. மேடு, மரம், அதன்மேல் 15. அந்த எண்ணைப் போட்டாயிற்றா? மீட்டரா, அடியா? நேற்றைய எண் இன்றைக்கு ஆகாது.
5. பறக்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நேர்கோடு போட்டுப் பார். கம்பி, மரம், ஆள், ஆடு குறுக்கே வருகிறதா?
6. தொடர்பு அறுந்தால் என்ன செய்யும் என்று வைத்திருக்கிறோம்?
7. காற்று எந்தப் பக்கம்? பேட்டரி எவ்வளவு?
8. காட்டில் வேலை செய்பவர்களிடம் சொல்லியாயிற்றா?

புது இடத்துக்குப் போனால், கண்ணெதிரே 60, 70 மீட்டர் தள்ளி நிறுத்தி ஒரு முறை பொத்தானை அழுத்தித் திருப்பிப் பார்க்கிறோம். எந்த உயரத்துக்கு ஏறுகிறது, எந்தக் கோட்டில் வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனசு தெளிந்துவிடும். வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் அழுத்தினால் சில வகைகள் ஏறாமலேயே இறங்கிவிடும், அதனால்தான் கொஞ்சம் தள்ளி. நடுவில் அதை நிறுத்தும் பொத்தான் எது என்பதும் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர், “அந்தப் பனைய வெட்டிப்போட்டா தீர்ந்துது. யாரு இப்ப ஏறுறாங்க?” என்றார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அனுமதி வேண்டாம் என்றாலும் வெட்டமாட்டேன். தாத்தா வைத்த மரம், தூக்கணாங்குருவி கூடு கட்டும் மரம். நேற்று வந்த ட்ரோனுக்காக அது ஏன் சாக வேண்டும்? மாற்ற வேண்டியது ஒரு எண். மரம் அல்ல.

இன்னும் சொல்லப்போனால் எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது மேட்டுக்காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்காட்டுக்கே நடக்கிறோம். அங்கிருந்து கிளப்பினால் ட்ரோன் கண்ணெதிரே இருக்கிறது. பனை வரிசை நடுவில் வருவதே இல்லை. 22-ம் 15-ம் சேர்ந்து 37, ஆகவே 40 மீட்டர் போதும். சோம்பேறித்தனத்தால் நடக்காத 350 மீட்டர் தூரம்தான் பெரியம்மாவின் புருவத்தில் தழும்பாக இருக்கிறது.

பெரியம்மா இப்போதும் களை எடுக்க வருகிறார். நான் பெட்டியைத் திறந்தால் கொத்தைக் கீழே வைத்துவிட்டு, “அளந்துட்டயா சாமி?” என்று கேட்கிறார். “அளந்தாச்சுங்க பெரியம்மா” என்று சொன்ன பிறகுதான் ஏற்றுகிறேன்.

நீங்களும் அளந்துவிட்டே ஏற்றுங்கள்.